வீட்டிலிருந்தே வருமானமா?
கைத்தொலைபேசியில் கேள்விக்குப் பதிலளித்துப் பணம் பெறுவது பற்றி



கடந்த மாரிகாலத்தில் ஒருநாள் மாலை, நீர்வேலியில் வாழைத் தோட்டங்களுக்கு அருகே வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் அது. அவர்களுடைய காணி இன்னமும் விடுவிக்கப்படவில்லை. தகப்பன் பிறருடைய தோட்டத்தில் தண்ணீர் மாறி, குலை வெட்டிக் கூலி பெறுகின்றார். தேநீர் தந்த தாய் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"பாதர், போனிலை கேள்விக்குப் பதில் சொன்னால் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் ரூபா தருவினமாம். முதலிலை பதினையாயிரம் கட்டிச் சேரவேணுமாம். தோட்டை அடகு வைக்கலாமோ எண்டு யோசிக்கிறன்."

இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருப்பதனாலேயே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

மேலதிக வருமானம் தேடுவது குற்றமன்று. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும், 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோதும், சொந்தக் காணி உள்ளவரே திண்டாடினர். காணியற்ற கமக்காரரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. வீட்டை விட்டுப் போகாமல், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே உழைக்கலாம் என்றால் எந்தத் தாய்க்கும் ஆசை வருவது இயல்பே. அந்த ஆசையை வைத்து யார் பிழைக்கின்றார்கள் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

உண்மையான ஆய்வு எப்படி நடைபெறுகின்றது?

சவர்க்காரம் செய்யும் கம்பனி ஒன்று புதிய சவர்க்காரத்தைச் சந்தைக்கு விடுமுன், மக்கள் எதை விரும்புகின்றார்கள் என அறிய விரும்புகின்றது. அந்த வேலையைச் சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கின்றது. அந்நிறுவனம் இணையத்தில் பெயர் பதிந்தவர்களுக்குக் கேள்விக்கொத்தை அனுப்பி, பதிலளிப்போருக்குச் சிறு தொகையோ புள்ளிகளோ வழங்குகின்றது. பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'யூகவ்' இத்தகைய நிறுவனங்களுள் ஒன்று. ஆகவே இப்படி ஒரு தொழில் உண்டு என்பது பொய்யன்று.

ஆனால் இதில் மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, எந்த நாட்டில் பொருள் விற்கப்படுகின்றதோ அந்த நாட்டவரின் கருத்தே தேவை. எனவே பெரும்பாலான கேள்விக்கொத்துகள் செல்வந்த நாடுகளுக்கே போகின்றன. நம்மை வந்தடைவது சொற்பம். இரண்டாவது, சில கேள்விகளுக்குப் பதிலளித்த பின்னர் "இந்த ஆய்வுக்கு நீங்கள் பொருத்தமானவர் அல்லர்" எனத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுவரை செலவான நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி இல்லை. மூன்றாவது, குறிப்பிட்ட தொகை சேரும்வரை பணத்தை எடுக்க முடியாது. பணம் வரும் வழியும் சிக்கலானது. 'பேபால்' சேவையூடாக இலங்கையிலிருப்போர் பணம் பெற முடியாத நிலை நெடுங்காலம் இருந்துவந்தது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கேள்விக்கொத்துக்கு அரை டொலர் என்றும், வாரம் நான்கு முழுமையாகக் கிடைக்கின்றன என்றும், 10 டொலர் சேர்ந்தால் மட்டுமே பணம் தருவார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 10 டொலர் சேர 20 கேள்விக்கொத்துகள் வேண்டும். அதற்கு ஐந்து வாரங்கள் செல்லும். டொலர் ஒன்றை 300 ரூபாவாகக் கொண்டால், ஐந்து வாரத்தில் கிடைப்பது 3,000 ரூபா. இதில் டேற்றாச் செலவையும் கழிக்க வேண்டும். ரீலோட் போடவும் பிள்ளைக்குக் கொப்பி வாங்கவும் இது உதவலாம், அடுப்பெரிக்க உதவாது.

அமெரிக்காவின் அமேசன் கம்பனி 2005 இல் தொடங்கிய 'மெக்கானிக்கல் டர்க்' என்ற தளத்தில் ஆய்வுக் கேள்விகளும் வேறு சிறு கணினி வேலைகளும் வழங்கப்படுகின்றன. அங்கு வேலை செய்வோரைப் பற்றி 2018 இல் வெளிவந்த ஆய்வொன்று, நடுத்தரமான ஒருவரின் உழைப்பு மணிக்கு ஏறக்குறைய 2 டொலர் மட்டுமே எனக் கண்டது. நிலைமை அவ்வாறிருக்க, நமக்கு மட்டும் நாளுக்கு 2,000 ரூபாவை அள்ளிக் கொடுக்க யார் காத்திருக்கின்றார்கள்?

இந்தியாவில் நடந்தது

இக்கேள்விக்கு அயல்நாட்டில் விடை உண்டு. சிங்கப்பூரில் பதிவுபெற்ற 'ஸ்பீக் ஏசியா' என்ற கம்பனி 2010 இல் இந்தியாவில் ஆள்சேர்க்கத் தொடங்கியது. 11,000 இந்திய ரூபா கட்டிச் சேர்ந்தால் வாரம் இரண்டு ஆய்வுகள். ஒவ்வொன்றுக்கும் 500 ரூபா. ஆண்டுக்கு 52,000 ரூபா என்பது அவர்களின் வாக்குறுதி. புதியவர்களைச் சேர்த்துவிட்டால் மேலும் பணம். தொடக்கத்தில் பலருக்குப் பணம் கிடைத்தது. கிடைத்தவர்கள் உறவினரையும் அயலவரையும் அழைத்து வந்தார்கள்.

2011 மே மாதத்தில் குட்டு வெளிப்பட்டது. வாடிக்கையாளர் எனக் காட்டப்பட்ட பெரிய கம்பனிகள் தமக்கு இதில் தொடர்பில்லை என மறுத்தன. பழையவர்களுக்குக் கொடுக்கப்பட்டது புதியவர்கள் கட்டிய பணமே. ஏறக்குறைய 24 இலட்சம் பேரிடமிருந்து 2,276 கோடி ரூபா பெறப்பட்டதாக மும்பைப் பொலிசார் கணக்கிட்டனர்.

இத்தகைய திட்டம் நிலைக்காது என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒருவர் ஐவரைச் சேர்க்க வேண்டும் என்றால், அந்த ஐவர் 25 பேரையும், அவர்கள் 125 பேரையும் சேர்க்க வேண்டும். ஒன்பதாவது படியில் 19 இலட்சத்து 53 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தேவை. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே 6 இலட்சத்துக்கும் குறைவு! கடைசிப் படியில் நிற்பவர்கள் யார்? ஊருக்குப் புதியவர்களும், செய்தி பிந்திக் கிடைப்பவர்களும், கடன்பட்டுச் சேர்ந்தவர்களுமே. அந்த வரிசையில் இடம்பெயர்ந்தோர் எளிதில் அகப்படுவார்கள்.

நமது நாட்டில் 'பிரமிட்' எனப்படும் இத்தகைய திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டுள்ளன. நடத்துவது மட்டுமன்றி, ஊக்குவிப்பதும் விளம்பரப்படுத்துவதும் குற்றமாகும். அயல்வீட்டாரை நல்லெண்ணத்துடன் சேர்த்துவிடுபவரும் இதனை மனதிற்கொள்ள வேண்டும்.

இதே தந்திரம் இப்போது வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாகவும் வருகின்றது. ஒரு காணொளிக்கு விருப்பம் தெரிவித்தால் சில நூறு ரூபா உடனே வங்கிக்கு வரும். நம்பிக்கை ஏற்பட்டதும், "பெரிய வேலைக்கு முற்பணம் கட்டுங்கள்" என்பார்கள். அத்துடன் காசும் போகும், ஆளும் மறைவார். தூண்டிலில் இரை வைப்பது மீனுக்கு உணவூட்ட அல்லவே!

நாம் கைக்கொள்ள வேண்டியவை

1. வேலை தருபவர்தான் பணம் தரவேண்டும். நம்மிடம் முதலில் பணம் கேட்டால் அது வேலையன்று.

2. அடையாள அட்டையின் படம், வங்கி அட்டை இலக்கம், தொலைபேசிக்கு வரும் ஓ.ரி.பி. இலக்கம் ஆகியவற்றை எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

3. வேறொருவரின் பணம் வந்துபோக நமது வங்கிக் கணக்கை இரவல் கொடுக்க வேண்டாம். திருட்டுப் பணமாயின் நாமே பதில்சொல்ல நேரிடும்.

4. வேறு நாட்டில் இருப்பதாகப் பொய் சொல்லிப் பதிய வேண்டாம். கண்டுபிடித்தால் சேர்ந்த தொகையும் கிடையாது. பொய்ப் பதிலை விற்பது கலப்படப் பாலை விற்பதற்கு ஒப்பாகும்.

5. ஐயம் ஏற்பட்டால் இலங்கை மத்திய வங்கியின் 1935 இலக்கத்திலும், கணினிப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்திலும் விசாரியுங்கள். ஏமாந்திருந்தால் வெட்கப்படாது பொலிசில் முறையிடுங்கள்.

இன்னுமொரு விடயம்

கேள்விக்குப் பதில் சொல்வது நமக்குப் புதிதன்று. முகாமில் இருந்த காலந்தொட்டு எத்தனை படிவங்களை நிரப்பியிருப்போம்! குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை பரப்புக் காணி, கிணறு உண்டா, மலசலகூடம் உண்டா என எழுதிச் சென்றவர்களுள் எத்தனை பேர் முடிவைச் சொல்லத் திரும்பி வந்தார்கள்? நமது பதிலுக்கும் நேரத்துக்கும் பெறுமதி உண்டு என்பதை இணையத்து வியாபாரி அறிந்திருக்கின்றான். நாமும் அறிய வேண்டும். இனி வீட்டுக்கு வருபவரிடமும், தொலைபேசியில் வருபவரிடமும் மூன்று கேள்விகளை நாமே கேட்போம்: நீங்கள் யார்? இந்தப் பதில் எதற்கு? முடிவை எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்?

அந்தத் தாய் தோட்டை அடகு வைக்கவில்லை. உயர்தரம் படிக்கும் மகள், பணம் கட்டத் தேவையில்லாத ஆய்வுத் தளம் ஒன்றில் பதிந்து, ஓய்வு நேரத்தில் பதிலளித்து வருகின்றாள். முதல் தொகை இன்னும் கைக்கு வரவில்லை. "வந்தால் வரட்டும் பாதர், வராட்டிலும் தோடு காதிலை கிடக்குது" என்றார் தாய்.

குழுவாகக் கலந்துரையாட:

- நமது கிராமத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் உள்ளனரா? அவர்கள் அதை வெளியே சொல்லத் தடையாக இருப்பது எது?
- "சேர்ந்தால் இலாபம்" என உறவினர் ஒருவர் அழைத்தால், உறவு முறியாமல் எவ்வாறு மறுப்பது?
- நமது காணி, குடும்பம் பற்றி இதுவரை யார் யார் விபரம் எடுத்தார்கள்? அவர்களிடம் முடிவைக் கேட்க நாம் என்ன செய்யலாம்?