திரையில் படிப்போம், நின்று படிப்போம்

“எல்லாம் தலையெழுத்து” என்று சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். பாகூர்ச் செப்பேடு பற்றிக் கட்டுரை எழுத, வில்லியனூர் பேருந்தில் கைப்பேசியைத் திறந்தேன். பக்கம் பக்கமாகத் தாவினேன். ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. பழியைச் சிக்னல் மீது போட்டேன்.

இம்மனநிலையை 1966-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் ஜூலியன் ராட்டர் ஆராய்ந்து எழுதினார். விளைவு தம் முயற்சியால் வருவது என்போர் அகக் கட்டுப்பாட்டினர். விதியால், பிறரால் வருவது என்போர் புறக் கட்டுப்பாட்டினர். வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் அன்றோ?

திரையில் படிக்கும்போது இவ்வேறுபாடு புலனாகும். புறத்தைச் சார்ந்தவர் புரியாத வரியைப் பெரும்பாலும் கடந்து விடுவார். அகத்தை நம்புபவர் நிற்பார், மீண்டும் படிப்பார், எழுதியவர் யார் எனப் பார்ப்பார், வேறொரு பக்கத்தோடு ஒப்பிடுவார்.

மறுநாள், கேள்விகளை முதலில் தாளில் எழுதிக்கொண்டு படித்தேன். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்ட செய்தி தெளிவாயிற்று. சிக்னல் முன்போலவே விட்டுவிட்டுத்தான் வந்தது.

நண்பர்களே, சிக்னல் நம் கையில் இல்லை. நின்று படிப்பது நம் கையில்தான் இருக்கிறது.