இருபது கோல், பத்தொன்பது பிஹைண்ட்

"மாமா, இருபத்திநாலு கோல் அடிச்சன், ஒரு பிஹைண்ட் கூட இல்லை!" மருமகன் சந்தோசத்தில் கத்துகிறான். ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) வீடியோ கேமில் அது பெரிய வெற்றிதான். ஆனால் நிஜ ஃபுட்டியில் அப்படியொரு ஸ்கோர் வராது.

கோலுக்கு 6 புள்ளி. பந்து நடுக் கம்பத்துக்கும் பக்கக் கம்பத்துக்கும் இடையால் போனால் 1 புள்ளி, அதுதான் பிஹைண்ட். உதாரணத்துக்கு, 1991 ஏ.எஃப்.எல். இறுதிப் போட்டி எங்கள் மல்கிரேவில், வேவர்லி பார்க்கில் நடந்தது. வழக்கமான மைதானமான எம்.சி.ஜி.யில் அப்போது கட்டட வேலை. ஹோதோர்ன் 20 கோல், 19 பிஹைண்ட் அடித்து 139 புள்ளி எடுத்தது. வெஸ்ட் கோஸ்ட் 13 கோல், 8 பிஹைண்ட், 86 புள்ளி. கிண்ணத்தை வென்ற அணியே கிட்டத்தட்ட பாதி வாய்ப்புகளைக் கோலாக்கவில்லை. கேமில் முதலில் நான் பார்ப்பது இந்த விகிதத்தைத்தான்.

கேம் இப்படிக் கோலாகக் கொட்டுவதற்குக் காரணம் நேரம். நிஜத்தில் ஒரு குவாட்டர் 20 நிமிடம். பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரம் நிற்பதால் அரை மணித்தியாலம் வரை இழுக்கும். பள்ளிக்கூட வீட்டுப்பாடம் முடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் ஏது? கேமின் ஐந்து நிமிடக் குவாட்டரில் நிஜத்தைப் போல 80 புள்ளி வரவேண்டுமென்றால் வீரர்கள் தவறவிடாமல் உதைக்க வேண்டும், தடுப்பவர்கள் விலகி நிற்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டு நேரத்தை மட்டும் 20 ஆக்கினால் ஸ்கோர் 300ஐத் தொடும்.

நேரத்தின் வேலையை நிஜ வாழ்க்கையே காட்டியது. கொரோனா வந்த 2020இல் குவாட்டரை 16 நிமிடமாகக் குறைத்தார்கள். முந்தைய ஆண்டு 80 அளவில் இருந்த அணிச் சராசரி 60 அளவுக்கு இறங்கிவிட்டது. நேரம் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. புள்ளி குறைந்ததோ கால்பங்கு.

ஆகவே கேமின் ஸ்கோரை நிஜத்துக்குக் கிட்டக் கொண்டுவர, முதலில் உங்களுக்குக் கட்டுப்படியாகும் நேரத்தை முடிவுசெய்யுங்கள். பிறகு அதைத் தொடவேண்டாம். அடுத்தது உதையின் துல்லியம்: நேரத்தைக் கூட்டியிருந்தால் இதைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தடுப்பின் அழுத்தமும் வீரர்களின் களைப்பும். இவற்றைக் கூட்டிக் குறைக்கும் இத்தனை ஸ்லைடரையும் எல்லாக் கேமும் தருவதில்லை. இருப்பதை வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். இரண்டை ஒன்றாக நகர்த்தினால் எது வேலைசெய்தது என்று தெரியாது. கணினிக்கும் உங்களுக்கும் தனித்தனி ஸ்லைடர் இருந்தால், கணினியோடு கணினியை மோதவிட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவில். மனிதக் கை நடுவில் வந்தால் திறமையை அளக்கிறோமா, கேமை அளக்கிறோமா என்று குழம்பிவிடும்.

விளையாடாமலே முடிவு சொல்லும் 'சிமுலேட்' பொத்தானை இதில் சேர்க்காதீர்கள். பல கேம்களில் அது வீரர்களின் தர எண்களை வைத்துத் தனிக் கணக்குப் போடும். ஸ்லைடர் அதைத் தொடாது. அங்கே முடிவு பிழைத்தால் திருத்த வேண்டியது தர எண்களை.

ஒரு ஆட்டத்தை வைத்து ஸ்லைடரைக் குறைசொல்லவும் கூடாது. நிஜத்திலும் ஒருநாள் 40, இன்னொருநாள் 140 வரும். ஏ.எஃப்.எல்.லில் 18 அணிகள், ஒரு முழுச் சுற்றுக்கு 9 ஆட்டங்கள். அந்த 18 ஸ்கோரையும் கொப்பியில் எழுதிச் சராசரி பாருங்கள். 80க்கு அண்மையில் இருந்து, பிஹைண்டுகளும் கோலுக்குக் கிட்ட வந்தால், அந்த அமைப்பைத் தனிப் பெயரில் சேமித்துவிட்டுப் பிள்ளையை விளையாட விடுங்கள்.