13,500 அடி
தொடர் – 9

கேமரன் மலையில் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளுக்கு மேலே நிற்கும் பிரிஞ்சாங் மலையின் உயரம் சுமார் 6,600 அடி. சென்ற வாரம் தொட்டு நிறுத்திய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 விமானத்தின் நெருக்கடியைப் புரிந்துகொள்ள இந்த மலையை ஓர் அளவுகோலாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம். 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூர் சுபாங் நிலையத்திலிருந்து பெர்த்துக்குக் கிளம்பிய அந்த போயிங் 747, ஜாவாவுக்குத் தெற்கே 37,000 அடியில் பறந்துகொண்டிருந்தபோது சில நிமிடங்களுக்குள் நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின. உள்ளே 248 பயணிகள், 15 ஊழியர்கள். ஜகார்த்தாவுக்குத் திரும்ப ஜாவாவின் தென்கரை மலைகளைத் தாண்டியாக வேண்டும். அதற்கு 11,500 அடி உயரம் வேண்டும். பிரிஞ்சாங் உச்சிக்கும் ஏறக்குறைய 5,000 அடி மேலே. இன்ஜின் நின்ற 747 ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் 15 அடி முன்னேறும். கையிருப்பு அவ்வளவுதான். 12,000 அடிக்கு இறங்கும்வரை இன்ஜின் இயங்காவிட்டால் திரும்பிக் கடலில் இறக்குவது என்று கேப்டன் எரிக் மூடி முடிவெடுத்தார்.

இச்சம்பவத்தைப் பேசுகிறவர்கள் அன்று மூடி பயணிகளுக்குச் செய்த நிதானமான அறிவிப்பைத்தான் முதலில் எடுத்துச் சொல்வார்கள். அந்தப் பாராட்டு நியாயமானதே. ஆனால் அதோடு நின்றுவிட்டால், விமானப் பணியாளர்களின் நிதானம் பிறவிக் குணம் என்று நம்பத் தொடங்கிவிடுவோம். விமானி அறைக்குள் நடந்தது வேறு. மூடி விமானத்தைப் பறப்பில் வைத்திருந்தார். துணை விமானி ரோஜர் கிரீவ்ஸ் வானொலியில் அபாய அழைப்பு விடுத்தார். பொறியாளர் பாரி டவுன்லி-ஃப்ரீமன் இன்ஜினை மறுபடி இயக்கும் முறையை முதலிலிருந்து கடைசிவரை செய்துவிட்டு, பலனில்லை என்றதும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடவில்லை. நான்கு இன்ஜின்களும் போய்விட்டன என்ற செய்தியை நான்காம் இன்ஜின் போய்விட்டதாக ஜகார்த்தா தவறாக விளங்கிக்கொண்டது. அருகே பறந்த கருடா விமானம் ஒன்று குறுக்கிட்டுச் சரியான தகவலைச் சேர்த்தது. இதற்கிடையே விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தது, கிரீவ்ஸின் ஆக்சிஜன் முகமூடியின் குழாயும் கழன்றுவிட்டது. சக ஊழியர் மூச்சுவிடக்கூடிய உயரத்துக்குப் போவதற்காக மூடி வேகமாக இறங்கினார். உயரம் ஒன்றே சொத்தாக இருந்த நேரத்தில் அதைச் செலவழித்த அந்த முடிவை, புகழ்பெற்ற அறிவிப்பைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

எல்லாம் அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். கேள்வியில் பொருள் உண்டு. இன்ஜின்களை நிறுத்தியது ஜாவாவின் கலுங்குங் எரிமலையின் சாம்பல்; அது உள்ளே உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. விமானம் சாம்பல் மேகத்தைவிட்டு இறங்கியதும் அது குளிர்ந்து இறுகி உதிர்ந்தது. இன்ஜின்களைக் காப்பாற்றியது இந்த இயற்பியல். ஆனால் உதிர்ந்த கணத்தில் எரிபொருளும் தீப்பொறியும் கொடுக்க ஒரு கை அங்கே தயாராக இருக்க வேண்டுமே! ஏற்கெனவே பலமுறை தோற்ற ஒரு முயற்சியை டவுன்லி-ஃப்ரீமன் கைவிட்டிருந்தால் உதிர்ந்தும் பயனில்லை. சுமார் 13,500 அடியில் நான்காம் இன்ஜின் உயிர்பெற்றது, பிறகு மற்றவையும். மணல்கொண்டு தேய்த்ததுபோல் முன்கண்ணாடி மங்கிப்போயிருக்க, இறங்குசரிவைக் காட்டும் கருவியும் கிடைக்காத நிலையில், ஓடுதளத்துக்கான தூரத்தைப் பார்த்து இருக்கவேண்டிய உயரத்தைக் கிரீவ்ஸ் சொல்லச் சொல்ல, மூடி ஜகார்த்தாவில் தரையிறக்கினார். ஓர் உயிரும் போகவில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. இவ்வளவு தேர்ந்த தொழில் என்றால், சாம்பலுக்குள் ஏன் நுழைந்தார்கள்? இன்ஜின்கள் திரும்பிய பிறகு 15,000 அடிக்கு ஏறி, மீண்டும் அதே சாம்பலில் சிக்கி இரண்டாம் இன்ஜினை ஏன் இழந்தார்கள்? காரணம், தம்மைச் சூழ்ந்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. கேமரன் மலைச் சரிவில் பிற்பகலில் திரளும் மழைமேகத்தை விமான ரேடார் காட்டிவிடும், நீர்த்துளிகளில் பட்டு அலை திரும்பும். வறண்ட சாம்பலோ அதன் கண்ணில் படாது. அதிலும் அது இரவு. ஆகவே எச்சரிக்கை தரையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். தொழில் தோற்ற இடம் அதுதான், இதில் சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. அதே எரிமலையின் சாம்பலில் ஏப்ரல் 5 அன்றே கருடாவின் டிசி-9 விமானம் ஒன்று மாட்டியிருந்தது. ஜூன் சம்பவத்துக்குப் பிறகு மூடப்பட்ட வான்வழியைச் சில நாட்களில் திறந்துவிட்டார்கள். ஜூலை 13 அன்று, பத்தொன்பதே நாட்களில், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 747 ஒன்று அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஜின்களை இழந்து ஜகார்த்தாவில் இறங்கியது. வழியை மாற்ற அதன் பிறகுதான் மனம் வந்தது. விமானி அறையில் மூவர் காட்டிய ஒழுங்கு, வான்வழியைத் திறந்து மூடும் அலுவலகங்களில் இல்லை. ஓர் இன்ஜின் கோளாறுக்கு விமானத்துறை எப்படி எதிர்வினை செய்கிறது என்பதை அளக்கும்போது, இந்தப் பத்தொன்பது நாட்களையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இன்று உலகில் ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்கள் இயங்குகின்றன. இந்தோனேசிய எரிமலைகளை ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம் கவனிக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் சாம்பல் தென்பட்டால், அது எந்த உயரத்தில் எந்தத் திசையில் நகர்கிறது என்ற அறிக்கை விமான நிறுவனங்களுக்குப் போகிறது. இன்று கோலாலம்பூரின் சிப்பாங் நிலையத்திலிருந்து பெர்த்துக்குக் கிளம்பும் விமானி, வானிலைத் தாள்களோடு அதையும் படித்துவிட்டுத்தான் இருக்கையில் அமர்கிறார்.