மாலுமி இல்லாத கப்பல்

முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்பில் நின்று கப்பலைப் பற்றிப் பேசினால், கேட்பவர்கள் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கடலைக் காண வேண்டுமானால் கடலூருக்கல்லவா போக வேண்டும்! ஆனால் பண்ருட்டி வட்டாரத்தில் உடைபடும் கொட்டையெல்லாம் உள்ளூரில் விளைந்ததல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வருவதும் அதில் உண்டு. ஆகவே கப்பலின் க்ஷேமம் இவ்வூருக்கும் வயிற்றுப்பாட்டு விஷயந்தான்.

அந்தக் கப்பலில் மாலுமியே இராவிட்டால்? இது கட்டுக்கதையல்ல. நமது கொச்சிக் கப்பல் கட்டும் தளம், நார்வே தேசத்து ஆஸ்கோ கம்பெனிக்காக மாரிட், தெரேஸ் என்னும் இரண்டு மின்சாரக் கப்பல்களைக் கட்டி 2022-ஆம் ஆண்டில் ஒப்படைத்தது. ஒவ்வொன்றும் 67 மீட்டர் நீளம். முதலில் ஆட்களுடன் ஓடிப் பழகி, அப்புறம் தாமாகவே ஓடுவதென்று ஏற்பாடு. நம்மவர் கைத்திறனைக் குறித்துப் பெருமை கொள்ளலாம். கூடவே, ஆபத்து வேளையில் என்ன கதி என்றும் கேட்டு வைக்கலாம்.

2024 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால், லீலா நார்ஃபோக் என்ற கப்பலில் கொள்ளைக்காரர்கள் ஏறினார்கள். மாலுமிகள் 21 பேரும் (அவர்களில் 15 பேர் இந்தியர்) காப்பறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டார்கள். நமது கடற்படையின் ‘ஐ.என்.எஸ். சென்னை’ விரைந்து சென்று அவர்களை மீட்டது. ஆளில்லாக் கப்பலில் பிணையாகப் பிடிக்க ஒருவரும் அகப்பட மாட்டார். அது பெரிய லாபம். ஆனால் அங்கே திருடன் ஏறவே வேண்டாமே! கரையிலிருந்து செல்லும் கட்டளையிலோ, இடம் காட்டும் செயற்கைக்கோள் சமிக்ஞையிலோ பொய்யைக் கலந்துவிட்டால், கப்பல் சமர்த்தாகப் பாறையை நோக்கிப் போகும். வெளியே எட்டிப் பார்த்துச் சந்தேகப்பட ஆளில்லை.

தீ விஷயம் இன்னும் கடுமை. எஞ்சின் அறையில் தீப் பற்றினால், உள்ளே எவரும் அகப்பட்டிருக்கிறாரோ என்று தயங்காமல் உடனே கரியமில வாயுவைச் செலுத்திவிடலாம். திறந்த தளத்தில் அடுக்கிய பெட்டகங்களிடம் அந்த வாயு நிற்குமா? அங்கே குழாய் பிடிக்கக் கை வேண்டும். இழுவைக் கப்பல் வந்து வடத்தை வீசினாலும் அதை வாங்கிக் கட்ட ஒருவர் வேண்டும். ஆள் இல்லையென்றால், கப்பல் துறையை விட்டுப் புறப்படும்போதே இழுவை வடத்தைப் பொருத்தி அனுப்பியாக வேண்டும்.

2021 மே மாதத்தில் கொழும்புக்கருகே தீப்பிடித்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ கப்பலில் 1,486 பெட்டகங்களும், 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தன. அமிலம் கசிவதை மாலுமிகள் முன்னமே கண்டுவிட்டார்கள். கத்தாரிலும், குஜராத்தின் ஹசீராவிலும் அந்தப் பெட்டகத்தை இறக்கப் பார்த்தும் முடியவில்லை. கப்பல் எரிந்து மூழ்கிற்று. இலங்கையின் மேற்குக் கரையில் பிளாஸ்டிக் மணிகள் குவிந்தன. மீனவர் தொழில் முடங்கியது.

வாயுள்ள மாலுமிகள் கேட்டே இந்தக் கதி. வாயில்லாக் கப்பல் கசிந்துகொண்டு வந்தால் எந்தத் துறைமுகம் அதை ஏற்கும், தீயணைப்போர் எப்படி அதன்மேல் ஏறுவார்கள் என்பதையெல்லாம் கரையிலுள்ளோர் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எழுதினால் போதாது, ஒத்திகையும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. இரண்டிலும் மாலுமிகள் இருந்தார்கள். துறைமுகமோ கூப்பிடு தூரம். கரை ஒதுங்கிய எண்ணெயை ஜனங்கள் வாளியால்தான் அள்ளினார்கள்.