ஓங்கோல் பாப்டிஸ்டு சபை

செங்கற்பட்டு, சென்னைக் கடற்கரையோரமாக ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அக்கால்வாயின் வடபகுதியோடு ஒரு சபையின் வரலாறும் பிணைந்திருக்கிறது.

பாப்டிஸ்டுக் கிறிஸ்தவர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளிப்பதில்லை. அறிவறிந்து, தாமே நம்பிக்கையை அறிக்கையிடுவோரையே நீரில் முழுக்கிச் சபையிற் சேர்ப்பர். ஆதலின், வருபவரின் உள்ளக்கருத்து யாது என்பதே அவர்களுக்கு முதற் கேள்வி.

இன்று ஆந்திரத்தில் உள்ள ஓங்கோல், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே அமெரிக்கப் பாதிரியார் ஜான் கிளஃப், 1867-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் எட்டுப் பேருடன் ஒரு சபையை அமைத்தார். பின்னர்ச் சேர்ந்தோரிற் பெரும்பாலோர் தோல் தொழில் செய்த மாதிகர். ஊருக்குப் புறம்பே ஒதுக்கப்பட்டவர்.

1876 முதல் 1878 வரை கொடும் பஞ்சம் வாட்டியது. கிளஃப், கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தை ஏற்று, ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும் கூலியும் அளித்தார். பலர் சபையிற் சேர விழைந்தனர். அவரோ பதினைந்து மாதம் ஒருவருக்கும் ஞானஸ்நானம் அளிக்கவில்லை. கூலி தருபவரே ஞானஸ்நானமும் தந்தால், வந்தவர் சோற்றுக்கு வந்தாரா, கொள்கைக்கு வந்தாரா என்று எங்ஙனம் அறிவது?

கால்வாய் வேலை முடிந்தது, வேண்டுவோர் குறையவில்லை. 1878 ஜூலை 3-ஆம் நாள், குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் முழுக்குப் பெற்றனர்.

சோற்றுக்காக மதம் மாறினர் என்ற ஏச்சு அதன் பின்னும் ஓயவில்லை. பசியையும் நம்பிக்கையையும், தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட மதிப்பை நாடும் வேட்கையையும் மனித உள்ளத்தில் தனித்தனியே பிரித்தல் எளிதன்று. எனினும், பிரித்தறிய ஒருவர் பதினைந்து மாதம் காத்திருந்தார். ஆற்றங்கரையில் கூடிய எண்ணிக்கையினும் அக்காத்திருப்பே நாம் கருதத் தக்கது.