பெயர் தெரியாத குடும்பத்துக்கு ஒரு பிளான்

(வீடு கட்டுவோர், வாங்குவோர் - தொடர்)

சொந்த வீட்டுக்கு பிளான் போடும்போது எதிரில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். பாட்டிக்கு மாடி ஏற முடியாது, பெரியவனுக்கு அடுத்த வருஷம் பிளஸ் டூ, பீரோ அம்மா வீட்டுச் சீதனம், அதைத் தூக்கிப் போட முடியாது என்று எல்லாம் சொல்லிவிடுவார்கள். விற்பதற்காகக் கட்டும் வீட்டில் அந்த நாற்காலி காலி. பில்டர் மட்டும் இருப்பார். அவர் கேட்பது ஒன்றுதான்: "ஒரு கிரவுண்டில் எத்தனை டபுள் பெட்ரூம் வரும் சார்?"

சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே தளத்துக்கு இரண்டு வீடு என்பது இங்கே பழகிப்போன கணக்கு. இப்படிப்பட்ட கட்டடத்துக்கு முதலில் வரைய வேண்டியது ஹாலையோ சமையலறையையோ அல்ல, காரை. தமிழ்நாட்டின் கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் கேட்கின்றன. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, தூணுக்குத் தூண் 5 மீட்டர் இடைவெளி வேண்டும். அதாவது கிட்டத்தட்ட 16 அடி 5 அங்குலம். மேலே 11 அடி படுக்கையறை, நாலரை அங்குலச் சுவர், 5 அடி குளியலறை என்று கூட்டிப் பாருங்கள். 16 அடி நாலரை அங்குலம். இந்தப் பொருத்தத்தைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டால் தூண்கள் சுவருக்குள் ஒளிந்துகொள்ளும். மேலே வீட்டை வரைந்துவிட்டுக் கீழே காரை நுழைக்கப் பார்த்தால், ஹாலின் மூலையில் ஒரு தூண் காலமெல்லாம் துருத்திக்கொண்டு நிற்கும்.

படுக்கையறைக்கு 11 அடி எதற்கு, பத்துக்குப் பத்து போதாதா என்று பில்டர் கேட்பார். பெரிய கட்டில் ஆறடிக்கு ஆறரை அடி. அலமாரியின் ஆழம் இரண்டடி. கட்டிலின் கால்மாட்டில் அலமாரி வைத்தால் பத்தடியில் மிச்சம் ஒன்றரை அடி. அலமாரிக் கதவு கட்டிலில் இடிக்கும், மனுஷர் பக்கவாட்டில் நடந்து போக வேண்டும். கட்டில் நீளும் பக்கமாக ஓர் அடி கூட்டினால் அதே அறை இரண்டரை அடி நடைபாதையோடு மூச்சு விடும். புரோஷரில் பத்தடி அறையும் விசாலமாகத் தெரிவதன் ரகசியம் எளிது. பல புரோஷர்களில் கட்டிலைச் சின்னதாக வரைந்திருப்பார்கள். அலமாரியே இருக்காது.

படுக்கையறையாவது பரவாயில்லை. விற்பனை வீடுகளில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஹால்தான். 850 சதுர அடி வீட்டில் ஹாலைச் சுற்றி வாசல் கதவு, சமையலறை, இரண்டு படுக்கையறை, பொதுக் குளியலறை, பால்கனி என்று ஆறு திறப்பு வந்துவிடுகிறது. அளவு 10க்கு 16 இருக்கும், சோபா போட ஒரு முழுச் சுவர் இருக்காது. டிவி ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே குளியலறைக் கதவு. இதற்கு வழி இருக்கிறது: இரண்டு படுக்கையறைக் கதவையும் குளியலறைக் கதவையும் மூன்றரை அடிச் சதுரத்தில் ஒரு சின்ன நடைக்குள் ஒதுக்கிவிடலாம். பன்னிரண்டு சதுர அடிதான் செலவு. ஹாலுக்கு இரண்டு முழுச் சுவர் திரும்பக் கிடைக்கும். "அது வேஸ்ட் இடம் சார்" என்று நிற்கும் பில்டரிடம் நான் விடாமல் வாதாடுவது இந்தப் பன்னிரண்டு சதுர அடிக்காகத்தான். வீடு பார்க்க வருகிறவர் அரை மணி நேரம்தான் இருப்பார். அந்த அரை மணியும் பெரும்பாலும் ஹாலில்தான் போகிறது என்று சொன்னால் சில பேர் மசிவார்கள்.

வாஸ்து. தென்கிழக்கு அக்னி மூலையில் அடுப்பு, தென்மேற்கில் பெரிய படுக்கையறை, வடகிழக்கில் கழிவறை கூடாது. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஆனால் வாங்கப்போகிறவரின் நம்பிக்கை என்னவென்று தெரியாத வீட்டில் என் நம்பிக்கைக்கு வேலை இல்லை; இந்த மூன்றையும் மதித்துவிடுவது பில்டருக்குப் பாதுகாப்பு. ஒரு சங்கடம் உண்டு. தென்மேற்கு அறையின் மேற்குச் சுவர் சாயங்கால வெயிலை முழுக்க வாங்கி ராத்திரி வரை அனல் விடும். அலமாரியை அந்தச் சுவரோடு வைத்துவிட்டால் சூடு பாதி அடங்கும். தெற்குப் பார்த்த மனையை மலிவாகக் கேட்பது இன்னொரு வேடிக்கை. தென்றல் வரும் திசையைத்தான் நம் ஆட்கள் வேண்டாம் என்கிறார்கள்!

பூஜையறை, வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர்க் குழாய், ஏசியின் வெளி யூனிட் உட்கார இடம், துணி காயப்போட வெயில் விழும் மூலை. இவற்றைப் பிளானிலேயே குறித்துவிடுங்கள். குடிவந்த பிறகு சுவரைத் துளைப்பதைவிட மலிவு.

யாரென்று தெரியாத குடும்பத்துக்காக எதை முடிவு செய்வது, எதை விட்டுவைப்பது? தூண், ஜன்னல், குழாய், டக்ட், கதவு இருக்கும் இடம் ஆகியவை பின்னால் மாறாதவை. அவற்றில் பிடிவாதம் வேண்டும். மற்றதை வருகிறவரிடம் விட்டுவிடலாம். 1947-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் லெவிட் நிறுவனம் ஆயிரக்கணக்கில் கட்டத் தொடங்கிய வீடுகள் சுமார் 750 சதுர அடி, இரண்டு படுக்கையறை. கூரைக்கடியில் இருந்த மாடியை முடிக்காமல் விட்டுத்தான் கொடுத்தார்கள். பிள்ளைகள் பெருகிய வீட்டில் அது அறையாயிற்று. நம் பில்டர்களோ பொய்க்கூரை, ஒரே நிறத்து மாடுலர் கிச்சன் என்று பணத்தைக் கொட்டிவிட்டு ஜன்னலைச் சுருக்குகிறார்கள். தலைகீழான சிக்கனம்.

வாங்கப்போகும் வாசகர்களுக்கு: முன்பணம் கொடுக்கும் முன் புரோஷரை ஒதுக்கிவிட்டு, அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். கார்பெட் ஏரியா எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி அதில் உள்சுவர் சேரும். வெளிச்சுவர், பால்கனி, டக்ட் சேராது. உங்கள் கட்டில், பீரோ, பிரிட்ஜ் மூன்றின் அளவையும் ஒரு தாளில் குறித்து, டேப்போடு போய் அளந்து பாருங்கள். அளக்க விடாத பில்டரிடம் வாங்காதீர்கள்.

(தொடரும்)