மரத்தின் மேலே வில்லாளி! மரத்தின் கீழே கரடி!!

மரத்தின் மேலே ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். தரையிலிருந்து 15 அடி உயரம். அவன் கையில் துப்பாக்கி இல்லை. வில்லும் அம்பும்தான் இருக்கின்றன.

கீழே, 60 அடி தூரத்தில், புதர் விலகுகிறது. கரடி வருகிறது!

இது இராமாயண காலத்துக் காட்சி அல்ல. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே காடு அதிகம். கரடியும் அதிகம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதக் கடைசியிலும் செப்டம்பரிலும் அந்தக் காடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், ஐடஹோ முதலிய மாநிலங்களிலும், பக்கத்து நாடான கனடாவிலும் இப்படி வேட்டையாடுகிறார்கள். ஆண்களும் போகிறார்கள், பெண்களும் போகிறார்கள்.

கரடியைக் கண்டதும் அந்த மனிதன் என்ன செய்வான்? நாணை இழுத்து அம்பை விட்டுவிடுவானா?

புதியவனாக இருந்தால் விட்டுவிடுவான். பழகியவன் அசையாமல் உட்கார்ந்திருப்பான். பல நாட்கள் அம்பைத் தொடாமலே இறங்கி வீட்டுக்குப் போய்விடுவான். இந்த வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய பாடம், அம்பு எய்வது அல்ல, எய்யாமல் இருப்பது!

பீப்பாயில் பலகாரம்

அங்கே வேட்டையாடப்படுவது அமெரிக்கக் கறுப்புக் கரடி. பெயர்தான் கறுப்பு. பழுப்பு நிறத்திலும், லவங்கப்பட்டை நிறத்திலும் உண்டு. கனடாவின் மேற்குக் கரையில் வெள்ளையாகக்கூடச் சில இருக்கின்றன. வளர்ந்த ஆண் கரடி 100 முதல் 200 கிலோ வரை இருக்கும். பெண் கரடி சிறியது.

நம் நாட்டில் கரடியை வேட்டையாடினால் சிறைதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. வட அமெரிக்காவில் கறுப்புக் கரடிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஆகவே அங்கே அரசாங்கமே கணக்குப் பார்த்து, பருவம் குறித்து, லைசென்சு கொடுக்கிறது.

கோடை முடிந்ததும் கரடிக்கு அடங்காத பசி எடுக்கும். குளிர்காலம் முழுவதும் அது குகையிலோ வேரடிப் பொந்திலோ சாப்பிடாமல் படுத்துக் கிடக்க வேண்டும். அதற்காக இப்போதே கொழுப்பைச் சேர்க்கிறது. ஒரு மனிதன் ஒரு நாளில் சாப்பிடுவதைப் போல் எட்டு மடங்கு, பத்து மடங்கு தின்றுவிடும்!

இந்தப் பசியைத்தான் வேட்டைக்காரன் பயன்படுத்திக் கொள்கிறான். பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே காட்டில் ஓர் இரும்புப் பீப்பாயைக் கொண்டுபோய், மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டுகிறான். அதில் பழைய ரொட்டி, வெல்லப்பாகு, டோனட் என்ற இனிப்பு வடை எல்லாம் போடுகிறான். கரடிக்கு விருந்து!

எதை வேண்டுமானாலும் போடலாமா? கூடாது. 2014ஆம் ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், இரை வைத்த ஓர் இடத்தில் 4 கரடிகள் செத்துக் கிடந்தன. அவற்றின் உடம்பில் அம்பும் இல்லை, குண்டும் இல்லை. சாக்லெட்டை அளவுக்கு மீறித் தின்றதே காரணம் என்று தெரிந்தது. நமக்கு இனிப்பான சாக்லெட், கரடிக்கு நஞ்சு. பிறகு அந்த மாநிலத்தில் சாக்லெட்டை இரையாக வைப்பதைத் தடுத்துவிட்டார்கள்.

மரத்தில் ஏறினால் தப்பலாமா?

தினைக் கொல்லையில் கிளி ஓட்டப் பரண் கட்டுவதை நாம் அறிவோம். அமெரிக்க வேட்டைக்காரனின் பரண் வேறு மாதிரி. இரும்பிலோ அலுமினியத்திலோ செய்த ஒரு சிறு இருக்கை. கால் வைக்க ஒரு தட்டு. பட்டை வார்களால் மரத்தோடு இறுக்கிக் கட்டியிருக்கும். ஏறுவதற்கு ஏணி.

ஏன் மரத்தில் ஏற வேண்டும்? கரடியின் மூக்குக்குப் பயந்துதான்! கரடிக்குக் கண்ணும் காதும் பரவாயில்லை. மூக்கோ நாயின் மூக்கையும் மிஞ்சும். தரையில் உட்கார்ந்தால் மனித வாடை உடனே தெரிந்துவிடும். உயரத்தில் இருந்தால் வாடை ஓரளவு மேலே போய்விடும். அப்படியும் காற்று வேட்டைக்காரனிடமிருந்து பீப்பாயை நோக்கி அடித்தால், அன்றைக்கு வேட்டை இல்லை.

பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு கதை உண்டு. கரடியைக் கண்டதும் ஒரு நண்பன் மரத்தில் ஏறித் தப்பினான். மற்றவன் பிணம் போலக் கிடந்தான் என்று. அந்தக் கதையைக் கறுப்புக் கரடி படித்ததில்லை. அது மளமளவென்று மரம் ஏறும். குட்டிகள் அதைவிட வேகம்! பரண் கட்டிய மரத்திலேயே கரடிக் குட்டி ஏறி வருவதும் உண்டு. அப்போது வேட்டைக்காரன் செய்ய வேண்டியது ஒன்றுதான். தான் இருப்பதை மெல்லப் பேசித் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் கரடி திரும்பிப் போய்விடும்.

கரடியை விடப் பெரிய எதிரி வேறொன்று இருக்கிறது. அது தரை! பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள், உயிர் விட்டவர்கள், ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது விழுகிறவர்களை விட, ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகிறவர்களே அதிகம். ஏணியிலிருந்து இருக்கைக்குக் காலை எடுத்து வைக்கும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து.

ஆகவே தோளையும் தொடையையும் சுற்றி வார்களால் ஆன ஒரு கச்சை கட்டிக்கொள்ள வேண்டும். மரத்தின் உச்சிப் பக்கத்திலிருந்து அடிவரை ஒரு கயிறு தொங்கும். காலைத் தரையிலிருந்து எடுக்கும் முன்பே கச்சையை அந்தக் கயிற்றில் மாட்டிவிட வேண்டும். மறுபடி தரையைத் தொட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக் கூடாது. மேலே போய் உட்கார்ந்த பிறகு வேறொரு கயிற்றால் தூக்கிக்கொள்ள வேண்டும். விழுகிறவன் தன் அம்பின் மேலேயே விழுந்தால் என்ன ஆவது?

பெயர் தெரியாத குரு

துப்பாக்கி இருக்கும்போது வில் எதற்கு? இதற்கு ஒரு கதை இருக்கிறது.

1911ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊருக்கு அருகே, காட்டிலிருந்து ஒரு மனிதர் பசியோடு வெளியே வந்தார். செவ்விந்தியர் என்று வெள்ளையர்கள் அழைத்த பழங்குடியினருள் யாகி என்ற இனத்தவர் அவர். அந்த இனத்தையே வெள்ளையர்கள் அழித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர் அவர் ஒருவரே. அவர் தம் பெயரைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அறிஞர்கள் அவரை ‘இஷி’ என்று அழைத்தார்கள். அவர் மொழியில் ‘மனிதன்’ என்று பொருள்.

சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பொருட்காட்சி சாலையில் அவர் வாழ்ந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப், அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். 1916ல் இஷி காசநோயால் இறந்தார். சீடர் விடவில்லை. 1920ல் போப்பும் அவர் நண்பர் ஆர்ட் யங்கும் எல்லோஸ்டோனில் பெரிய கரடிகளையே அம்பால் வீழ்த்தினார்கள். வில் வேட்டை அமெரிக்காவில் மறுபடி பரவியது.

அதைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டு போனவர் பிரெட் பேர் (1902–1988). மிச்சிகனில் வில் தொழிற்சாலை வைத்தவர். ‘பேர்’ என்றால் ஆங்கிலத்தில் கரடி! கரடியே கரடி வேட்டைக்குப் போயிற்று.

இன்று பலர் வைத்திருப்பது சக்கர வில். 1966ல் மிசௌரி மாநிலத்து ஹாலெஸ் ஆலன் இதற்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1969ல் கிடைத்தது. வில்லின் இரு முனையிலும் சிறு சக்கரம் இருக்கும். நாணை முழுவதும் இழுத்தபின், கையில் தாங்க வேண்டிய பாரம் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று குறைந்துவிடும். கை நடுங்காமல் குறி பார்க்கலாம்.

கை எட்டும் தூரத்தில் பொறுமை

அம்பு, குண்டு போல் அடித்து வீழ்த்துவதில்லை. அதன் முனையில் சவரக் கத்தி போன்ற அலகுகள் இருக்கின்றன. அவை நுரையீரலை அறுத்தால், கரடி சில நொடிகளில் நினைவிழந்து விழும். வேறு இடத்தில் பட்டால் பெரும்பாலும் அது ஓடிப்போய், எங்கோ ஒரு புதரில் பல மணி நேரம் துடித்துச் சாகும். அல்லது சாகாமல் சீழ் பிடித்துத் திரியும். ஒரு சாண் தவறினால் இந்த வித்தியாசம்!

அதனால்தான் காத்திருக்க வேண்டும். கரடி நேருக்கு நேர் பார்த்து நின்றால் எய்யக் கூடாது. மார்பெலும்பும் தோளெலும்பும் தடுக்கும். அது பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அல்லது சற்று அப்பால் திரும்பி நிற்க வேண்டும். இந்தப் பக்கத்து முன்னங்கால் முன்னே போக வேண்டும். அப்போதுதான் விலாவுக்கு வழி திறக்கும். அந்த நேரம் வராமலே கரடி தின்றுவிட்டுப் போய்விடலாம். போகட்டும்!

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதுவே பெரிய காரணம். வந்திருப்பது தாய்க் கரடியா?

குட்டிகள் ஜனவரி மாதம் குகையில் பிறக்கின்றன. ஒன்றரை வயதுவரை தாயோடு இருக்கும். செப்டம்பரில் தாய் இறந்தால், அந்தக் குட்டிகளுக்கு எந்தப் பொந்தில் படுப்பது என்று காட்ட ஆள் இல்லை. பல மாநிலங்களில் குட்டியோடு இருக்கும் தாயைக் கொல்வது குற்றம். ஆனால் தாய் முதலில் வரும். குட்டிகள் பின்னால் புதரிலோ மரத்திலோ இருக்கும். கரடி வந்ததும் எய்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? கால் மணி, அரை மணி பார்த்துக் கொண்டே இருப்பவனுக்குத்தான் தெரியும்.

பெரிய கரடியா, சிறியதா என்று அறிய ஒரு வழி உண்டு. பீப்பாயின் உயரம் 3 அடிக்குச் சற்றுக் குறைவு. நாலு காலில் நிற்கும் கரடியின் முதுகு பீப்பாயின் விளிம்பை எட்டினால் அது பெரியது. காதையும் பார்க்கலாம். இளங்கரடிக்குக் காது பெரிதாக, தலைமேல் நிமிர்ந்து தெரியும். முதிர்ந்த கரடியின் தலை அகன்று, காது சிறிதாகப் பக்கத்தில் ஒதுங்கியிருக்கும்.

சரி, அம்பு பட்டுவிட்டது. உடனே இறங்கி ஓடலாமா? கூடாது. அரை மணி நேரமாவது மேலேயே இருக்க வேண்டும். விரட்டினால் காயம்பட்ட கரடி வெகுதூரம் போய்விடும். கரடியின் அடர்ந்த மயிரும் கொழுப்பும் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். தரையில் சொட்டு விழுவதே குறைவு. இலை இலையாகப் பார்த்துத் தேடவேண்டும். இறைச்சியையும் அன்றே குளிரச் செய்யவேண்டும். நன்றாக வேகாத கரடிக் கறியில் மனிதனைத் தாக்கும் புழுக்கள் இருக்கக்கூடும்.

ஓட்டுப் போட்ட மக்கள்

தின்றுகொண்டிருக்கும் பிராணியை மறைந்திருந்து எய்வது வீரமா? வாலியை மறைந்து கொன்றது சரியா என்று நம் பட்டிமன்றங்களில் கேட்பதுபோல் அமெரிக்காவிலும் கேட்கிறார்கள். வெறும் பேச்சோடு நிற்கவில்லை. ஓட்டுப் போட்டே தீர்த்தார்கள். கொலராடோவில் 1992ல், ஆரிகனில் 1994ல், வாஷிங்டன் மாநிலத்தில் 1996ல் மக்கள் ஓட்டினால் இரை வைப்பது தடுக்கப்பட்டது. மெயின் மாநிலத்தில் 2004லும் 2014லும் இதே கேள்வி வந்தது. இரண்டு முறையும் தடை வேண்டாம் என்றவர்களே வென்றார்கள். வித்தியாசம் பெரிதல்ல.

மெயின்காரர்கள் சொல்லும் நியாயம் இது: எங்கள் காடு மிக அடர்த்தி. இரை வைத்தால்தான் கரடி நின்று முகம் காட்டும். தாயா, குட்டியா என்று பார்க்க முடியும். இந்த வாதத்தில் சாரம் இருக்கிறது. ஆனால் நின்று பார்க்கிறவனுக்குத்தான் அது பொருந்தும். கண்டதும் எய்கிறவன் அதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

கரடி விழுந்தால் அதைப் பதிவு செய்ய வேண்டும். மெயின், மிச்சிகன் முதலிய மாநிலங்களில் அதன் சிறு பல் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். மரத்தை வெட்டினால் வளையம் தெரிவதுபோல் பல்லிலும் ஆண்டுக்கு ஒரு வளையம் இருக்கும். அதை மெல்லியதாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் எண்ணுகிறார்கள். காட்டில் எத்தனை வயதுக் கரடிகள் எத்தனை இருக்கின்றன என்று கணக்கிட அது உதவுகிறது. தான் எய்த கரடிக்கு எத்தனை வயது என்பது வேட்டைக்காரனுக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும்.